லூப்பின் வடிவத்தைப் பார்த்து ஃப்ளை வீச்சின் பிழைகளைக் கண்டறிதல்

ஃப்ளை எனப்படும், பூச்சிபோல் கட்டிய இலேசான போலி இரையை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் தொலைவுக்குச் செல்வதற்கான எடை லைனில், அதாவது தூண்டில் கயிற்றில்தான் இருக்கிறது. எடை வரிசையில் ஐந்தாம் எண் லைனை எடுத்துக்கொண்டால் அதன் முதல் 30 அடி ஏறத்தாழ 140 கிரெய்ன், அதாவது 9 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். முனையில் கட்டிய ஃப்ளை அதன் பின்னால் இழுபட்டுச் செல்வதோடு சரி. கோலை வேகப்படுத்திச் சட்டென்று நிறுத்தும்போது லைன் கோல்நுனியைத் தாண்டி ஓடி, மடிந்து, ஒரு லூப்பாக உருண்டு நேராகிறது. அந்த லூப் எந்த வடிவில் அமையும் என்பதைப் பெரும்பாலும் கோல்நுனி வந்த பாதையும், அது நின்ற விதமும் தீர்மானித்துவிடுகின்றன. கோல் நின்ற பிறகு லைனின் போக்கை மாற்ற நம்மால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே வீச்சு தவறும்போது கை என்ன செய்தது என்று நினைவைக் கிளறுவதைவிட, காற்றில் தெரிந்த லூப் எப்படி இருந்தது என்று கேட்பதே பயன் தரும். தன் மணிக்கட்டு அசையவே இல்லை என்று உறுதியாகச் சொல்பவரின் லூப்பும் மணிக்கட்டு எவ்வளவு மடங்கியது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

பார்ப்பதற்கான ஏற்பாடு

லூப்பில் மூன்று பகுதிகளைப் பிரித்தறிய வேண்டும். ஃப்ளையோடு இணைந்து முன்னேறிச் செல்லும் பகுதியை மேலிழை என்றும், கோல்நுனியிலிருந்து புறப்படும் பகுதியைக் கீழிழை என்றும், இரண்டும் சேரும் வளைவை முகப்பு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். நல்ல லூப்பில் இரண்டு இழைகளும் ஏறக்குறைய இணையாக, ஒரே செங்குத்துத் தளத்தில் இருக்கும். இடைவெளி ஒரு மீட்டருக்குள் அடங்கும். முகப்பு சற்றுக் கூர்மையாக இருக்கும்.

புல்வெளியில், கொக்கி முனை வெட்டப்பட்ட ஃப்ளையையோ ஒரு கம்பளி நூல் துணுக்கையோ லீடரில் (லைனின் முனையோடு இணையும் மெல்லிய இழையில்) கட்டி, கோல்நுனிக்கு வெளியே 9 மீட்டர் அளவு லைனை விட்டுக்கொண்டு பயில்வது சிறந்தது. தொப்பியும் கண்ணாடியும் பயிற்சியிலும் அணிய வேண்டும். தலைக்கு மேலே வீசும்போது லூப்பைப் பக்கவாட்டில் காண முடியாது. கோலை இடுப்புயரத்தில் தரைக்கு இணையாகக் கிடத்தி வீசினால், முன்னும் பின்னும் உருவாகும் லூப்புகள் கண்முன்னே விரிகின்றன. பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நிறுத்திய கைபேசியில் மெதுவான வேகத்தில் பதிவு செய்வது இன்னும் நல்லது. எதுவாயினும் முதலில் பின்வீச்சைப் பார்க்க வேண்டும். முன்வீச்சில் தெரியும் பிழைகளில் பெரும்பகுதி, வீசுபவரின் முதுகுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் தொடங்கியவையாகவே இருக்கின்றன.

கீழே வரும் அனைத்துக்கும் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கையில் பிடித்த கோல் ஒரு கோணத்தில் சுழல்கிறது. கோல் வளையாத இரும்புக் கம்பியாக இருந்திருந்தால் அதன் நுனி ஒரு வில்வட்டமாகவே சென்றிருக்கும். ஆனால் லைனின் சுமையால் கோல் வளையும்போது நுனி கைப்பிடியை நோக்கித் தாழ்கிறது. அந்தத் தாழ்வு வில்வட்டத்தின் மேல்நோக்கிய புடைப்பைச் சமன் செய்து பாதையை நேர்கோட்டுக்கு அருகில் கொண்டுவருகிறது. எனவே கோல் சுழலும் கோணமும் அது வளையும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். குறைந்த வளைவுக்குப் பெரிய கோணம் கொடுத்தால் நுனியின் பாதை மேல்நோக்கிப் புடைக்கும், லூப் அகலும். அதிக வளைவுக்குச் சிறிய கோணம் கொடுத்தால் நுனி நடுவழியில் தாழ்ந்து பிறகு எழும், இழைகள் குறுக்கிட்டுக்கொள்ளும். கடிகாரத்தில் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில்தான் கோலை அசைக்க வேண்டும் என்று பலருக்கும் கற்பிக்கப்படுகிறது. குட்டையான லைனுக்கு அது பொருந்தும். லைன் நீள நீளக் கோல் மேலும் வளைவதால் கோணமும் விரிய வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லாத வரை அந்தப் பாடம் பின்னர் தீங்கே செய்கிறது.

அறிகுறி: லூப் அகன்று, வட்டமாக, மெதுவாகச் செல்கிறது

காற்று சற்று எதிர்த்தாலும் இந்த லூப் நின்றுவிடும். லீடர் நேராகாமல் குவியலாக விழும். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது மேலிழையைத்தான். மேலிழை வானத்தை நோக்கிக் குவிந்த வளைவாக இருந்தால் நுனி வீச்சு முழுவதும் வில்வட்டமாகச் சென்றிருக்கிறது. அதாவது கோணம் பெரிது. மேலிழை நேராக இருந்து கீழிழை மட்டும் தாழ்ந்து தொங்கினால், வீச்சு சரியாகவே நடந்திருக்கிறது, நிறுத்திய உடனேயே கோல்நுனியைத் தண்ணீரை நோக்கி இறக்கியதுதான் பிழை. இரண்டும் ஒரே மாதிரி அகன்ற லூப்பாகத் தோன்றினாலும் மருந்து வேறு வேறு.

முதல் வகைக்குப் பெரும்பாலும் காரணம் மணிக்கட்டு. பின்வீச்சின் முடிவில் மணிக்கட்டு முழுவதும் பின்னுக்கு மடங்க, கோல் தரைக்கு இணையாகும் அளவுக்குச் சாய்ந்துவிடுகிறது. கோலின் அடிமுனையைச் சட்டையின் நீண்ட கைக்குள் செருகிக்கொண்டோ, ஒரு துணிப்பட்டையால் முன்கையோடு தளர்வாகக் கட்டிக்கொண்டோ சிறிது நேரம் வீசினால், மணிக்கட்டு எல்லை மீறும் கணத்தை உடல் உணர்ந்துகொள்ளும். ஆனால் மணிக்கட்டை முற்றிலும் பூட்டிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. வீச்சின் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் கொடுப்பது மணிக்கட்டின் சிறிய, கட்டுப்பட்ட அசைவுதான். அது இல்லாதவரின் வீச்சு தள்ளுவதாகவே இருக்கும்.

கோணம் சரியாக இருந்தும் லூப் அகலமாக வந்தால் நிறுத்தத்தைச் சோதிக்க வேண்டும். கோல் படிப்படியாக வேகம் குறைந்து ஓய்ந்தால் நுனி நீண்ட நேரம் கீழ்நோக்கி வளைந்துகொண்டே செல்லும். பிடியைத் தளர்வாக வைத்துத் தொடங்கி, நிறுத்தும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்கி, உடனே மீண்டும் தளர்த்துவது இதற்கு நல்ல வழி. இரண்டாம் வகைக்கு, நிறுத்திய பிறகு லூப்பின் முகப்பு ஒரு கோல் தூரமாவது போகும் வரை கோலை அப்படியே வைத்திருந்து, அதன் பிறகே லைன் இறங்கும் வேகத்தில் நுனியை இறக்க வேண்டும்.

வேண்டுமென்றே அகன்ற லூப் போட வேண்டிய நேரங்களும் உண்டு. கனமான ஃப்ளையையோ, ஒரே லீடரில் இரண்டு ஃப்ளைகளையோ வீசும்போது இறுக்கமான லூப் சிக்கலையே தரும்.

அறிகுறி: மேலிழை தாழ்ந்து கீழிழையின் குறுக்கே வருகிறது

டெய்லிங் லூப் என்று வீசுபவர்கள் சொல்வது இதைத்தான். லீடரில் தானாக விழும் முடிச்சுகளைக் காற்றின்மேல் பழிபோட்டுக் காற்று முடிச்சு என்று அழைக்கும் வழக்கம் உண்டு. காற்றே இல்லாத மாலையிலும் அவை விழுவதற்கு இந்த லூப்தான் காரணம். லீடரின் கடைசி மெல்லிய பகுதியான டிப்பெட்டில் விழும் அத்தகைய ஒற்றை முடிச்சு அதன் வலிமையைப் பாதியளவுக்கே குறைத்துவிடக்கூடும். ஆதலால் லூப் குறுக்கிட்டதைக் கண்டால் லீடரை விரலால் தடவிப் பார்த்து, முடிச்சு இருந்தால் அவிழ்த்தோ வெட்டிக் கட்டியோ விட்டுத்தான் தொடர வேண்டும்.

வடிவம் ஒன்றே, அதற்கு வழிவிடும் பிழைகள் பல. எல்லாவற்றிலும் பொதுவாக நடப்பது, வீச்சின் நடுவே கோல்நுனி நேர்கோட்டுக்குக் கீழே தாழ்ந்து, நிறுத்தத்துக்கு முன் மீண்டும் மேலே எழுவதுதான். ஏன் தாழ்ந்தது என்பதை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து கண்டுபிடிக்க வேண்டும்; நான் பரிந்துரைக்கும் வரிசை பின்வருமாறு.

ஹால் செய்பவராக இருந்தால், அதாவது வீச்சின் போது மற்றொரு கையால் லைனை இழுத்து வேகம் கூட்டுபவராக இருந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டு அதே நீள லைனை வீசிப் பார்க்க வேண்டும். குறுக்கீடு மறைந்துவிட்டால் கோல் பிடித்த கையில் குற்றமில்லை. ஹால் மிக முன்னதாகத் தொடங்கி, கோல் நிற்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இழுப்பின் சுமை திடீரென நீங்கியதும் கோல் நிமிர்கிறது, நுனி எழுகிறது. ஹால் கோல் நிற்கும் கணத்தோடு சேர்ந்து முடியும்படி அதைத் தாமதப்படுத்த வேண்டும்.

ஹால் இல்லாமலும் பிழை தொடர்ந்தால், அடுத்ததாகப் பின்வீச்சு நின்ற பிறகான இடைவேளையில் கோல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னால் லைன் விரிந்துகொண்டிருக்கும்போதே, காத்திருக்கப் பொறுமையற்ற கை மெல்ல முன்னே நகர்ந்துவிடுகிறது. இதைத்தான் க்ரீப் என்கிறார்கள். முன்வீச்சுக்கென இருந்த கோணத்தில் ஒரு பகுதியை அது வீணாகச் செலவழித்துவிடுகிறது. மீதமுள்ள சிறிய கோணத்தில் முழு விசையையும் திணிக்க வேண்டியிருப்பதால் கோல் அளவுக்கு மீறி வளைகிறது. வீசுபவருக்கு இது தெரிவதே இல்லை. டெய்லிங் லூப்புக்கு மிகையான விசைதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், ஓரளவு பழகியவர்களிடம் நான் கண்டவரை க்ரீப்தான் மிகுதி. விசையைக் குறை என்ற அறிவுரை அவர்களைத் தளர்ந்த, அகன்ற லூப்புக்குத் தள்ளிவிடுவதோடு நின்றுவிடுகிறது.

க்ரீப்பை நீக்கும் பயிற்சி எளியது. கோலைத் தரைக்கு இணையாகக் கிடத்திப் பின்வீச்சு செய்து நிறுத்தி, லைனை அப்படியே புல்லில் விழவிட வேண்டும். தலையைத் திருப்பிக் கோல் நின்ற இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே முன்வீச்சைத் தொடங்க வேண்டும். இப்படி ஒவ்வொரு வீச்சையும் தனித்தனியாகப் பிரித்துப் பழகியபின், இடைவேளையில் கோலை முன்னே விடுவதற்குப் பதிலாக, லைன் போகும் திசையிலேயே சற்றுப் பின்னுக்குத் தவழவிடும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். டிரிஃப்ட் எனப்படும் அந்தப் பின்னசைவு, ஓய்வில்லாத கைக்கு ஒரு வேலையையும் முன்வீச்சுக்குக் கூடுதல் இடத்தையும் ஒருசேரத் தருகிறது.

க்ரீப்பும் இல்லையென்றால், விசை செலுத்தப்படும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. வீச்சின் தொடக்கத்திலேயே முழு விசையையும் கொட்டினால் கோல் முதலில் ஆழமாக வளைந்து, பாதி வழியிலேயே நிமிரத் தொடங்கிவிடும். மெதுவாகத் தொடங்கி, வேகத்தை இடையறாமல் கூட்டிக்கொண்டே போய், மிக வேகமான கணத்துக்கு அடுத்ததாக நிறுத்தம் வர வேண்டும். இந்தப் பிழை பெரும்பாலும் கடைசி வீச்சில்தான் வரும் என்பதும் ஒரு தடயம். லைனைக் கீழே விழவிடாமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசும் பொய்வீச்சுகள் அனைத்தும் அழகாக அமைய, லைனைத் தொலைவுக்கு விடும் அந்த ஒரு வீச்சில் மட்டும் லூப் குறுக்கிட்டால், கூடுதலாகச் சேர்த்த விசைக்கு ஏற்றபடி கோணம் விரிக்கப்படவில்லை என்றோ, விசை தொடக்கத்திலேயே வெடித்துவிட்டது என்றோதான் பொருள்.

இவற்றையெல்லாம் சொல்லால் விளங்கிக்கொள்வதைவிட, 8 மீட்டர் லைனை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே டெய்லிங் லூப் போட முயல்வதே சிறந்த பாடம். கோணத்தைக் குறுக்கி ஒருமுறை, தொடக்கத்தில் உதறி ஒருமுறை, இடைவேளையில் கோலை முன்னே நகர்த்தி ஒருமுறை என்று செய்து பார்த்தால், எந்தப் பிழை கையில் எப்படி உணரப்படுகிறது என்பது தெரிந்துவிடும். விரும்பியபோது பிழையை வரவழைக்கத் தெரிந்தவருக்கு அதை நீக்குவதும் எளிது.

அறிகுறி: கீழிழையில் அலைகள் ஓடுகின்றன

முகப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் கீழிழை நெளிகிறது. நின்ற கோலின் நுனி மேலும் கீழும் அதிர்வதை லைன் பதிவு செய்துகொண்டிருக்கிறது. நிறுத்திய பிறகும் கைப்பிடியை இறுகப் பற்றியிருப்பதே இதற்குப் பொதுவான காரணம். பிடியைத் தளர்த்தினால் அதிர்வைக் கை உறிஞ்சிக்கொள்ளும். தேவைக்கு மிஞ்சிய விசையும் இதே அலைகளைத் தரும். அவ்வாறெனில் லைன் நேராக விரிவதற்குப் போதுமான அளவுக்குத்தான் வீச வேண்டும்.

அறிகுறி: பின்னால் சாட்டைச் சொடுக்கு ஒலிக்கிறது

பின்வீச்சு விரிந்து முடிவதற்கு வெகு முன்பே முன்வீச்சு தொடங்கிவிட்டது. லீடரின் முனை மிகை வேகத்தில் திசை திரும்புகிறது. சாட்டை ஒலிப்பதும் இப்படித்தான். ஃப்ளை அறுந்து போய்விட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்து, லூப் ஏறக்குறைய நேராகி, நுனியில் ஒரு சிறிய கொக்கி வளைவு மட்டும் மீதமிருக்கும்போது முன்வீச்சைத் தொடங்குவதே திருத்தம். மனத்துக்குள் எண்ணிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. லைன் நீளும்தோறும் இடைவேளையும் நீள வேண்டும் என்பதால் ஒரே எண்ணிக்கை எல்லா நீளத்துக்கும் பொருந்தாது.

அறிகுறி: பின்வீச்சு தாழ்ந்து புல்லைத் தொடுகிறது

முதலில், தொடக்கத்தில் லைனில் தளர்வு இருந்ததா என்று பார்க்க வேண்டும். கோல்நுனியை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவைத்துத் தொடங்கினால், நுனிக்கும் நீருக்கும் இடையே லைன் தொய்ந்து தொங்கும். வீச்சின் முதல் பாதி அந்தத் தொய்வை இழுப்பதிலேயே கழிந்துவிடும். மிஞ்சிய பாதியில் லைனை எடுக்க முயல்பவர் தம்மையறியாமல் கோலை வெகுதூரம் பின்னே கொண்டுபோகிறார். நுனியை நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, தளர்வை மற்றொரு கையால் இழுத்தெடுத்து, லைன் முனை நகரத் தொடங்கிய பிறகு மெல்லத் தூக்கி, லீடர் மட்டும் நீரில் மீதமிருக்கும்போது வேகப்படுத்த வேண்டும்.

அதன் பின்னும் தாழ்ந்தால், பின்வீச்சின் நிறுத்தம் தாமதமாகிறது அல்லது இடைவேளை தேவைக்கு அதிகமாக நீள்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் லைன் செல்லும் பாதைகள் ஒரே நேர்கோட்டின் இரு முனைகளாக இருக்க வேண்டும் என்பதும் இங்கே நினைவில் இருக்கட்டும். முன்வீச்சைச் சற்றுத் தாழ்வாக எய்ய விரும்பினால் பின்வீச்சு அந்த அளவுக்கு உயர வேண்டும். இரண்டையும் உயரத்தில் நிறுத்த முயன்றால் கோணம் குறுகி, முன்பு கண்ட குறுக்கிட்ட லூப் வந்து சேரும்.

அறிகுறி: லீடர் ஒரு பக்கமாக வளைந்து விழுகிறது

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் லூப்பில் ஒரு குறையும் தெரியாது. வீசுபவருக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டிய பிழை இது. பின்னே செல்லும் கோல் தோளைச் சுற்றி முதுகுப்புறமாக வளைந்து போய், அதே வளைவில் முன்னே திரும்பினால், மேலிழையும் கீழிழையும் வெவ்வேறு தளங்களில் அமைகின்றன. வலது கைக்காரரின் லீடர் அப்போது பெரும்பாலும் இடப்புறமாக வளைந்து விழும். சில வேளை லைன் தன்னையோ கோலையோ உரசும்.

புல்லில் ஒரு நேரான கயிற்றை நீட்டிவைத்து, கோலைக் கிடத்தி, நுனி அந்தக் கயிற்றின் மேலேயே செல்லும்படி முன்னும் பின்னும் வீசி, விழுந்த லைன் கயிற்றோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பது தெளிவான சோதனை. பின்வீச்சைத் திரும்பிப் பார்க்கும்போது உடலே சுழன்று கோலையும் இழுத்துக்கொண்டு போவதால் இந்தப் பிழை வருவதும் உண்டு. வலது காலைச் சற்றுப் பின்வைத்துத் திறந்த நிலையில் நின்றால், தோள் சுழலாமலேயே கண் பின்னே செல்லும்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கும் லூப் கடைசியில் சரிந்துவிடுகிறது

எந்த இடத்தில் சரிகிறது என்பதே இங்கே கேள்வி. லைன் முழுவதும் விரிந்து, லீடர் மட்டும் குவிந்தால், வீச்சைத் திருத்த முயல்வது வீண். லீடர் வீச்சுக்கு மிக நீளமானது, அல்லது டிப்பெட் அந்த ஃப்ளையைத் திருப்புவதற்கு மிக மெல்லியது. டிப்பெட்டைச் சற்றுக் குட்டையாக்கியோ, ஒரு படி தடிமனானதை மாற்றியோ பார்க்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட நீளம் வரை சிறப்பாக அமைந்து, அதைத் தாண்டியதும் லூப் திடீரென நடுங்கிச் சிதைந்தால், முன்பகுதி கனத்த லைன்களில் அந்தக் கனத்த பகுதி முழுவதும் கோல்நுனியைக் கடந்து வெளியேறி, மெல்லிய பகுதியும் அளவுக்கு மீறி வெளியே வந்துவிட்டது. பெரும்பாலான லைன்களில் இந்த எல்லை நிறமாற்றத்தால் தெரியும். மெல்லிய பகுதியால் கோலின் விசையைக் கனத்த பகுதிக்கு ஒழுங்காகக் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே எல்லை நுனிக்கு அருகில் இருக்கும்படி லைனை உள்ளே இழுத்துக்கொண்டு, மீதி தூரத்தைக் கடைசி வீச்சில் லைனை ஓடவிட்டே அடைய வேண்டும்.

லூப் வடிவாக இருந்தும் லைன் கோலின் வளையங்களில் ஓடாமல் தேங்கினால், வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு லைனைத் துடைத்து, அதில் வெடிப்புகள் உண்டா என்று பார்க்க வேண்டும். நுனி வளையத்தில் லைன் அறுத்த பள்ளம் இருந்தால், வளையத்தை மாற்றாத வரை புதிய லைனும் விரைவில் கெடும்.